பார்க்காத பக்கம் அடிப்பவர்

அவர் என்னை வேலைக்கு எடுத்த அன்று, எடுத்தது என்னைத்தான் என்று எனக்கு விளங்கவேயில்லை. மங்கரே என்ற புறநகரில், விமான நிலையத்துக்குப் பின்பக்கமாக இருந்த குளிர்க் கிடங்கு அது. ஜப்பானுக்கு விமானம் ஏறும் மீனும் பூவும் கிவிப் பழமும் அங்கே ஒருநாள் இரண்டு நாள் தங்கிப் போகும். மெக்கானிக் வேலைக்கு நானும் உள்ளூர்க்காரர் ஒருவரும் போயிருந்தோம். முதலாளி கால்களை அகட்டி நின்றுகொண்டு அந்த மற்ற ஆளையே உற்றுப் பார்த்து, "அமோனியா கசிஞ்சா முதல் என்ன செய்வாய்?" என்று கேட்டார். மற்ற ஆள் ஏதோ சொல்லத் தொடங்கினார். "உன்னைக் கேக்கேல்லை," என்றார் இவர், பார்வையை மாற்றாமலே. "பக்கத்தில நிக்கிறவனைக் கேக்கிறன்."

பக்கத்தில் நின்றவன் நான். ஊரில், மயிலிட்டிப் பக்கம் மீனுக்கு ஐஸ் அடிக்கிற ஆலையில் பதினொரு வருடம் கம்பிரசரோடு மல்லுக்கட்டியவன். முதலில் ஆட்களை வெளியே கலைக்க வேண்டும், பிறகு வால்வைப் பூட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் முதலாளிக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கூரையைப் பார்த்து, "திங்கட்கிழமை வா" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியாமல் திங்கட்கிழமை காலை நாங்கள் இரண்டு பேருமே போய் நின்றோம். மற்றவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் பேசியது ஆங்கிலம். இத்தனை வருடத்தில் அது எனக்குள் எங்கட பேச்சாகவே மாறிப்போய்விட்டது, அதனால் அப்படியே எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நான் ஒருமுறை ஓர் இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன். அது போதும்.

கனடாக்காரர். பிரெஞ்சுப் பக்கத்து ஆள். பனித்தளத்தில் ஹொக்கி விளையாடிச் சம்பளம் வாங்கியவராம். எங்களுக்குத் தெரிந்த ஹொக்கி புல்லில் விளையாடுவது. பனியில் சப்பாத்துக்கு அடியில் கத்தியைக் கட்டிக்கொண்டு விளையாடுவதற்கு ஒருவன் சம்பளம் கொடுப்பான் என்பதே எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. அலுவலகச் சுவரில் ஒரே ஒரு படம் மாட்டியிருந்தார். இருபது பேர் வரிசையாக நிற்கிற படம். எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள், ஒருவர் மட்டும் வேறு எங்கேயோ பார்க்கிறார். "இது நான்" என்பார். முகம் முக்கால்வாசி மறைந்த அந்த ஆள் அவரா, அவருடைய தம்பியா, கடையில் வாங்கின படமா என்று யார் கண்டது?

நான் மவுண்ட் ரோஸ்கில்லில் தேவராஜ் என்பவருடைய வீட்டில் பின் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். தேவராஜ் மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்தவர், எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வேலை பார்ப்பவர். உலகத்தில் எந்த விளையாட்டைக் கேட்டாலும் பட்டியலே சொல்லுவார். நான் முதலாளியின் பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார்.

"இந்தப் பேரு நான் கேட்டதே இல்ல லா. பெரிய ஆட்டக்காரன்னா நமக்குத் தெரியாமலா இருக்கும்? கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க அண்ணே."

என் மனதில் அந்த விதையை ஊன்றியது தேவராஜ் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அப்படியில்லை. முகத்தைப் பார்த்துக் கதைக்காத மனிதரைக் கண்டாலே எனக்கு நம்பிக்கை வராது. ஊரில் சோதனைச் சாவடிகளைக் கண்டு வந்தவன் நான். கண்ணைக் காட்டாமல் கேள்வி கேட்கிறவனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வேறு கணக்கு இருந்தது. இவரோ சம்பளக் கவரைக்கூட ஜன்னலைப் பார்த்தபடி பின்கையால் நீட்டுவார். நான் ஒருமுறை அதைப் பிடிக்காமல் விட்டு, கவர் தரையில் விழுந்தது. "கையை எப்பவும் றெடியா வைச்சிரு" என்றார், அதையும் ஜன்னலிடம்தான் சொன்னார்.

மனிதரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. மேல் வரிசை முன்பற்கள் நான்கும் பொய்ப்பற்கள். பேரம் பேச யாராவது வந்தால், அவற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போய் உட்காருவார். எதிரில் இருப்பவன் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பான், பேச்சைக் கோட்டை விடுவான். மீன் படகுக்காரர் ஒருவர், ஆகாயம் அதிரக் கத்துபவர், இவர் சிரித்ததும் பாதி வசனத்தில் நின்று போனதை நான் கண்ணாலே கண்டேன். படகுக்காரர் போன பிறகு பல்லைத் தண்ணீரில் அலசி மாட்டிக்கொண்டு வந்து, "மூண்டு வருசத்துக்கு அவன்ர மீன் எங்களுக்குத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டு சிரிக்கிற அதே நேரத்தில், நாளைக்கு இந்தப் பல்லை எனக்கும் கழற்றுவாரோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

இதற்கெல்லாம் மேலே இருந்தது ஆட்களை இடம் மாற்றுகிற பழக்கம். இதைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகாது.

ஒருநாள் காலைத் தேநீர் நேரம், அங்கே அதற்கு ஸ்மோகோ என்று பெயர். எல்லாரும் பெஞ்சில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தோம். அவர் வாசலில் நின்று வெளியே லொறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பெட்டி கட்டுற ரெண்டு பேரும் நாளையில இருந்து பக்கத்துப் பூக்கொம்பனிக்கு. அவன் தன்ர ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவனை எனக்குத் தாறான்."

பெட்டி கட்டுகிற இருவருக்கும் அதுவரை ஒன்றும் தெரியாது. ஒருவர் கையில் பிஸ்கட் அப்படியே நின்றது. எங்களோடு சியோனே என்று ஒரு தொங்காக்காரர் வேலை செய்தார், மலை மாதிரி உடம்பு, குரல் மட்டும் குழந்தைக் குரல். அவர்தான் கேட்டார், "முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தானே?"

"எனக்கு ஆர் சொன்னது?" என்றார் முதலாளி. "என்னை அஞ்சு தரம் மாத்தினவங்கள். ஒருக்கா சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க ரெலிபோன் வந்தது, பின்னேரம் வேற ஊரில, வேற நிறச் சட்டையோட நிண்டு விளையாடினன். அதுதான் தொழில்."

பூக்கொம்பனியில் சம்பளம் கொஞ்சம் கூட, குளிர் குறைவு. போன இருவரும் பிறகு சந்தோஷமாகவே இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் நெஞ்சில் இடி விழுந்தது போலத்தான் இருந்தது. காரணம் என் கடவுச்சீட்டில் குத்தியிருந்த முத்திரை. அந்த முத்திரையில் இந்தக் கிடங்கின் பெயர்தான் இருந்தது. இந்தக் கிடங்கில் வேலை செய்யும் வரைக்கும்தான் நான் அந்த நாட்டில் இருக்கலாம். என்னை ஒருநாள் ஸ்மோகோவில் வேறு எவனுக்காவது மாற்றிவிட்டால் என் கதி என்ன?

என் கதி மட்டும் என்றால் பரவாயில்லை. என் மனைவி வசந்தியும் நான்கு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு நான் ஒருவாறு வெளியே வந்துவிட்டேன், அவர்கள் வரவில்லை. வசந்தியின் கடிதங்களில் முதலில் மாதத்துக்கு ஒருமுறை வந்த ஷெல் இப்போது ஒவ்வொரு கடிதத்திலும் வந்தது. பிள்ளை சத்தம் கேட்டால் தானாகவே போய்க் கட்டிலுக்கு அடியில் படுக்கப் பழகிவிட்டாள் என்று எழுதியிருந்தாள், ஏதோ பிள்ளை எழுத்து வாசிக்கப் பழகியதைச் சொல்வது போல. அவர்களைக் கூப்பிட எனக்கு ஒரே ஒரு கடிதம் வேண்டும். இவருடைய வேலை நிரந்தரமானது, குடும்பத்தைப் பார்க்கச் சம்பளம் போதும் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். என் முதல் வேலை அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டவர் அவருடைய வியாபாரப் பங்காளி, அந்த நாட்டுக்காரர். அந்த மனிதர் பங்கைப் பிரித்துக்கொண்டு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். இனி இவர்தான் போட வேண்டும்.

கேட்டேன். "பாப்பம்" என்றார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்து.

ஒரு மாதம் விட்டுக் கேட்டேன். "அது என்ர தலையில இருக்கு" என்றார், சப்பாத்தைப் பார்த்து.

மூன்றாவது தரம் கேட்டேன். கம்பிரசர் அறையில் எனக்குப் புதிதாக ஒரு மின் ஹீட்டர் கொண்டுவந்து வைத்தார். நான் கேட்டதற்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்? வாயை அடைக்கப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த நாட்களில் ஒருநாள் குடிவரவுக்காரர் இரண்டு பேர் கிடங்குக்கு வந்தார்கள். வந்ததும் வராததுமாகச் சியோனேயிடம் பாஸ்போட்டைக் கேட்டார்கள். பிறகு மற்றத் தீவுக்காரர்களிடம், பிறகு என்னிடம். முதலாளி அவர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொடுத்தார், பழைய ஆட்டக் கதைகளைச் சொன்னார், ஒருவர் தன் மகனுக்கென்று கையெழுத்துக்கூட வாங்கினார். எங்கள் கடதாசிகள் எல்லாம் சரியாக இருந்தன. அவர்கள் போன பிறகு குளிர் அறைக்குள் போனேன். மனிதர் மேலங்கி இல்லாமல், பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகையில், மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை! என்னைக் கண்டதும் பெட்டிகளை எண்ணுகிற மாதிரிக் கையை ஆட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து தேவராஜிடம் சொன்னேன், "இந்த மனுசன்தான் அவங்களைக் கூப்பிட்டிருக்க வேணும். ஆக்களைக் கலைக்கப் பாக்கிறார். பிடிபடேல்லை எண்டதும் வேர்க்குது."

"அப்படித்தான் இருக்கும் அண்ணே," என்றார் தேவராஜ். "வெள்ளக்காரனுக்கு வேற எதுக்கு வேர்க்கப் போகுது?"

இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நாங்கள் இருவரும் படித்தவர்கள், நாடு விட்டு நாடு வந்தவர்கள். விசா என்றால் அது கறுத்தத் தோலுக்கு வருகிற நோய் என்றே நினைத்திருந்தோம். வெள்ளைக்காரன் ஒருவனிடம் கடதாசி இல்லாமல் இருக்கலாம் என்பது எங்கள் இருவருடைய புத்திக்கும் எட்டவேயில்லை.

நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு பனிச்சறுக்குத் தளம் இருந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் எல்லாரையும் வேனில் ஏற்றி அங்கே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் அவர் விளையாட்டுக்காரர் என்ற பேச்சு பொய்யில்லை என்று தெரிந்தது. தரையில் நடக்கும்போது முழங்கால் பிடித்துக் கெந்திக் கெந்தி நடக்கிற மனிதர், பனியில் ஏறியதும் வேறு ஆள். அம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும், அப்படியொரு வேகம்! சியோனே சிறுபிள்ளை போலக் கைதட்டினார். நான் ஓரக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டி, அந்தப் பக்கத்தில் நின்ற ஃபோர்க்லிஃப்ட்காரரைப் பார்த்துக் கூப்பிட்டபடி தடியை அசைத்தார். அடுத்த கணம் கறுப்பு றப்பர் வட்டு ஒன்று என் சப்பாத்தில் வந்து 'டக்' என்று முட்டி நின்றது. நான் பதறிப்போய்ப் பின்பக்கம் அடிபட விழுந்தேன்.

தூக்கிவிட வந்தவரிடம், "என்னைப் பாக்கவேயில்லையே, எப்பிடி?" என்று கேட்டேன்.

"நான் பாக்கிற பக்கம்தான் எதிராளியும் பாப்பான். குடுக்க வேண்டிய ஆளை ஒருக்காலும் பாக்கக் கூடாது. பாத்தா அவனைப் போட்டு உடைச்சிடுவாங்கள். இருபது வருசப் பழக்கம், இனி மாறாது."

நல்ல புத்தியுள்ள ஒருவன் அந்தச் சொல்லைக் கேட்டு யோசித்திருப்பான். என் மூளை போன வழியோ வேறு. ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் அடிப்பதை இருபது வருடம் பயிற்சி செய்த ஆளிடமா என் பெண்டாட்டி பிள்ளையின் உயிரைக் கொடுத்து வைத்திருக்கிறேன்? வீடு போய்ச் சேரும் வரை இடுப்பு நோவைவிட இதுதான் வலித்தது.

நேரே போய்ச் சண்டை பிடிக்க எனக்குத் துணிவில்லை. எங்கள் ஆட்கள் செய்வதைச் செய்தேன். பெரிய காரியம் என்றால் நாங்கள் நேரே போய்க் கேட்கமாட்டோம், மதிப்பான ஒராளை விட்டுக் கேட்போம். கல்யாணம் பேசுவதும் அப்படித்தான், காணி கேட்பதும் அப்படித்தான். தேவராஜ் கழுத்துப் பட்டி கட்டி, தட்டில் மண்டரின் பழமும் ஒரு பெட்டி இனிப்பும் வைத்துக்கொண்டு போனார். நான் கம்பிரசர் அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பத்து நிமிடத்தில் தட்டு இல்லாமல் வந்தார், முகம் சரியாக இல்லை.

"என்னாங்க இந்த ஆளு? நான் மரியாதையாத்தான் பேசினேன். 'ஓ, அவனுக்கு ஏஜன்ட் வந்தாச்சா?'ன்னான். ஆட்டக்காரன் ஏஜன்ட் அனுப்பினா, வேற எடத்துக்குப் போகணும்னு அர்த்தமாம். 'சரி, நல்ல எடமா பாக்கிறேன்'னு சொல்லிட்டான். உங்களை மாத்தப் போறான் அண்ணே!"

பழத்தட்டுக் கொடுத்தனுப்பி என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன்! உடனே ஓடிப்போய், ஐயா அது அப்படியில்லை, எங்கள் வழக்கம் இது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் திறந்தால் இன்னும் என்ன விபரீதமாகுமோ என்று பயம். அதோடு கோபம். பிள்ளை கட்டிலுக்கு அடியில் படுக்கிறாள், இவருக்கு விளையாட்டா?

மறுநாள் சுகமில்லை என்று சொல்லிவிட்டுக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு இளம்பெண், நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். நான் இரண்டு கேள்வி கேட்டேன். முதலாவது, வேலை மாறினால் என் அனுமதி என்னாகும்? புதிய முதலாளி எழுதித் தந்தால் மாற்றலாம் என்றாள். அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். இரண்டாவதையும் கேட்டேன். இப்போதைய முதலாளி கடிதம் தராமல் இழுத்தடிக்கிறார், அவருக்கு அப்படிக் கடிதம் தருகிற தகுதி உண்டா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல முடியுமா?

"பெயர்?" என்றாள். சொன்னேன். பிரெஞ்சுப் பெயர், அவளுக்கு எழுத வரவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "இந்த நாட்டவரா?" "இல்லை, கனடா." அவள் அதையும் குறித்துக்கொண்டாள். வெளியே வரும்போது எனக்கு என்ன நினைப்பு தெரியுமா? ஆள் பொல்லாத கெட்டிக்காரன் என்றால், நான் அவனுக்கு மேலே கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

மூன்று கிழமை கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் கருவிப் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. "திங்கட்கிழமையில இருந்து பென்ரோஸில. குளிரூட்டி செய்யிற கொம்பனி, பெரிய இடம்" என்றார் ஜன்னலிடம்.

நான் கத்தினேன். அதுவரை அந்த நாட்டில் யாரிடமும் குரல் உயர்த்தாதவன். நான் என்ன மீன் பெட்டியா, தூக்கி அங்கே இங்கே வைக்க? உனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதா? உன்னைக் கேட்டு ஆறு மாதம், ஒரு கடிதம், ஒரு கையெழுத்து! இன்னும் எழுத முடியாததெல்லாம் தமிழிலும் சொன்னேன். அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. சியோனே வந்து என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

பென்ரோஸ் முதலாளி இங்கிலாந்தில் பிறந்த கிழவர், முகத்தைப் பார்த்துக் கதைக்கிறவர். முதல்நாளே என்னை உட்காரச் சொல்லி இரண்டு கடிதங்களை முன்னால் வைத்தார். ஒன்று என் வேலை அனுமதியை மாற்ற. மற்றது வசந்திக்கும் பிள்ளைக்கும். இரண்டிலும் அவருடைய கையெழுத்துக் காயாமல் இருந்தது.

"உன்ர பழைய முதலாளி லேசுப்பட்ட ஆள் இல்லை," என்றார் கிழவர். "ஆறு மாசமா எனக்குப் பின்னால திரிஞ்சவன். முதல் கடிதம், பிறகுதான் மெக்கானிக் எண்டு நிண்டான். நான் யோசிச்சன். கடைசியில தன்ர குளிர் லொறியையும் சேத்துத் தாறன் எண்டான். உன்னையும் லொறியையும் தந்து, இந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போறான்."

"அவரே போட்டிருக்கலாமே," என்றேன்.

கிழவர் சிரித்தார். "அவன் எப்பிடிப் போடுறது? அவனிட்டயே கடதாசி இல்லை. சுற்றுப்பயணம் வந்த ஆள், அப்பிடியே நிண்டிட்டான். பங்காளி இருக்கும் வரைக்கும் அவன்ர பேரில ஓடினது. இவன் ஒரு கையெழுத்துப் போட்டா முதல் பிடிபடுறது இவன்தான். உனக்குத் தெரியாதே?"

தெரியாது. ஆறு மாதம்! அப்படியென்றால் தேவராஜ் பழத்தட்டோடு போவதற்கு எவ்வளவோ முதலே, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து "பாப்பம்" என்று சொன்ன அந்த நாளிலேயே தொடங்கிவிட்டார். நானோ அவருடைய பெயரை எழுத்தெழுத்தாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சொல்லக் கூச்சமானது. அவருக்கு நான் சொல்லியிருக்கலாம். மங்கரே என்ன கடல் கடந்தா இருக்கிறது? இப்படி ஒரு மடத்தனம் செய்துவிட்டேன், கவனம் என்று ஒரு சொல். பஸ் ஏறிப் போனேன். கிடங்கு வாசலுக்கு எதிரே இறங்கி நின்றேன். முற்றத்தில் லொறி நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. அவர் கெந்திக் கெந்தி நடந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அப்போது நான் கணக்குப் போட்டேன். சொன்னால் ஆள் தலைமறைவாகும். ஆர் சொன்னது என்று தேடுவார்கள். வசந்தியின் விண்ணப்பம் அதே அலுவலகத்தில், அதே கவுண்டருக்குப் பின்னால் கிடக்கிறது. அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு பால் வாங்கப் போன டெய்ரி என்ற மூலைக்கடையில் சியோனேயைக் கண்டேன். கண் சிவந்திருந்தது.

"முதலாளியைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்," என்றார். "ரெண்டு பேர் வந்தவை. நாங்கள் வழக்கம்போல பாஸ்போட்டை எடுத்து நீட்டினம். 'இண்டைக்கு உங்களை இல்லை' எண்டு சொல்லிச்சினம். எங்களுக்கு விளங்கவேயில்லை. ஆரோ கவுண்டரில போய்ப் பேர் குடுத்தவையாம்."

"ஆர்?" என்று கேட்டேன். அதைக் கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிவு இருந்தது, பாருங்கள்.

"தெரியாது. அவர் ஒண்டும் சொல்லேல்லை. எங்கள் எல்லாருக்கும் கை குடுத்தார். வரிசையா, ஒராள் விடாமல். ஆட்டம் முடிஞ்சா அப்பிடித்தான் செய்யிறதாம். உன்னையும் கேட்டவர், உன்ர மனுசி பிள்ளை வந்திட்டினமோ எண்டு."

நான் அவரை வழியனுப்பப் போகவில்லை. போக முகம் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒரு சமயம் தெரிந்திருக்கும் என்று படும், ஒரு சமயம் நிச்சயமாகத் தெரியாது என்று படும்.

ஐந்து மாதத்தில் வசந்தியும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். தேவராஜ் முன் அறையையும் எங்களுக்கே விட்டுக்கொடுத்தார். வந்த முதல் ஞாயிறு, மத்தியானம், வசந்தி ஆட்டிறைச்சிக் கறி வைத்தாள். பிள்ளை வெளியே கார்க் கதவு அடிபட்டதற்கெல்லாம் மேசைக்கு அடியில் போவதும் வருவதுமாக இருந்தாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே வசந்தி கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, லொறியையும் குடுத்து எங்களை எடுப்பிச்ச அந்த மனுசனை ஒருநாளைக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கோ. அந்தக் கையைப் பிடிச்சு நான் ஒரு வார்த்தை சொல்ல வேணும்."

"அவர் இஞ்ச இல்லை," என்றேன். "கனடாவுக்கு அனுப்பிப் போட்டாங்கள். அவரிட்ட விசா இல்லையாம். ஆரோ காட்டிக்குடுத்திட்டினம்."

அவளுடைய கை அகப்பையோடு நின்றது.

"எந்த நாசமறுப்பான் அது? கட்டையில போவான்! ஒரு நல்ல மனுசனைக் காட்டிக்குடுத்தவன் பெண்டாட்டி பிள்ளையோட இருந்து ஒரு வாய் சோறு தின்னுவானோ?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "ஆரெண்டு தெரியாதோ உங்களுக்கு?"

"தெரியாது," என்றேன்.

"இன்னும் கொஞ்சம் போடட்டே?"

"போடும்," என்று சோற்றுக் கோப்பையை நீட்டினேன்.